முடிச்சு இருந்த இடம்

மே 4

பெட்டி கட்டியாயிற்று. புத்தகம் வேண்டாம் என்று அம்மா சொல்லியிருந்தாள். துண்டுக்கு அடியில் இரண்டை ஒளித்து வைத்தேன். அப்பா ஒளிக்காமல் எடுத்து வைத்தது அவருடைய கயிற்றை.

இந்தக் கயிற்றைப் பற்றி இங்கே எழுதியதே இல்லை. அப்பா லிஃப்ட் மெக்கானிக். பழைய கட்டடங்களில் லிஃப்ட் பெட்டியின் கூரையில் ஒரு சின்னச் சதுரக் கதவு இருக்கும். அதன் வழியாக ஏறித்தான் மேலே வேலை பார்க்க வேண்டும். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அப்பா அதில் மாட்டிக்கொண்டார். மறுநாளே அவரைப் புகார் போன் எடுக்கும் மேசையில் உட்கார வைத்துவிட்டார்கள். பிறகு வாயைக் கட்டி, நடையாய் நடந்து உடம்பைக் குறைத்தார். அந்தக் கதவில் இடிபடாமல் நுழைந்த அன்று வயிற்றைச் சுற்றிக் கயிற்றால் அளந்து முடிச்சுப் போட்டார். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அளக்கிறார். கயிற்றின் முனை முடிச்சைத் தொட வேண்டும். மூச்சை உள்ளே இழுக்கக் கூடாது. இழுக்கிறாரா என்று பார்ப்பது என் வேலை. அதனால் நான் 'இன்ஸ்பெக்டர்'.

விடுமுறையில் தினமும் அளப்பாராம்.

மே 6

கடலோர விடுதி. காலைச் சாப்பாட்டை நீள மேசையில் பரப்பி வைக்கிறார்கள், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். அப்பா அவித்த முட்டையும் வெள்ளரிக்காயும் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றே சாப்பிட்டார். வீட்டிலும் அப்படித்தான். நாங்கள் சாப்பிடுவதற்கு முன்பே, சமையலறையில், நின்றபடி. உட்கார்ந்தால் கை நீளும் என்பார்.

கூட வந்திருக்கும் அத்தை, அப்பாவின் அக்கா, விடவில்லை. "டேய் தம்பி, ஊரையே மேல ஏத்தி விடுற. உனக்கு உட்கார ஒரு நாற்காலி கிடைக்கலையா?"

எல்லோரும் சிரித்தோம். அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே 7

மழை. ஒரு புத்தகம் முடிந்தது. அப்பா மழையிலும் நடந்துவிட்டு வந்தார்.

மே 8

இன்று முனை முடிச்சைத் தாண்டியே வந்துவிட்டது! "இளைச்சிருக்கேன் போல இருக்கே இன்ஸ்பெக்டர்!" என்றார்.

மதியம் எங்களோடு உட்கார்ந்தார். வறுத்த மீன், இரண்டாம் முறையும் மீன், பிறகு ஐஸ்கிரீம். லிஃப்டில் மாட்டிக்கொண்ட கதையை அவரே நடித்துக் காட்டினார். அத்தைக்குப் புரையேறியது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அப்பா இவ்வளவு பேசுவார் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

சாயங்காலம் துண்டு தேடும்போது கயிறு கையில் தட்டுப்பட்டது. ஓரிடத்தில் நெளிந்து வெளுத்திருந்தது. முடிச்சு இருந்த இடம். இப்போது முடிச்சு அங்கே இல்லை. முனையிலிருந்து இன்னும் இரண்டு விரல் தள்ளி இருக்கிறது.

மே 9

அம்மா துணி காயப்போடும்போது கேட்டேன். மறைக்கவில்லை.

"நான்தான். பேசாம இரு."

"லிஃப்ட் கதவு அப்படியேதானே இருக்கும், அம்மா?"

"வீட்டுக்குப் போனதும் பழைய இடத்துக்கே மாத்திடுறேன். ஒரு வாரம்டி. அவர்கூட உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை வருஷமாச்சு தெரியுமா உனக்கு?"

தெரியும். நானும் அந்த மேசையில்தானே இருக்கிறேன். ஆனால் மறுபடி மாட்டிக்கொண்டால்? அப்பாகிட்ட சொன்னா அம்மா முகத்துல எப்படி முழிப்பேன்? சொல்லலன்னா... நான் எதுக்கு இன்ஸ்பெக்டர்?

மே 10

அப்பா அளந்துவிட்டு, "பாஸா?" என்றார். "பாஸ்" என்றேன்.

மே 12

வீடு. அம்மா முடிச்சை இன்னும் மாற்றவில்லை. "நாளைக்கு" என்கிறாள். மாற்றினால் முனை எட்டாது, அவருக்குத் தெரிந்துவிடும். பயப்படுகிறாள். நானும்தான்.

மே 14

அப்பா சீக்கிரமே வந்துவிட்டார். சட்டையின் விலாப் பக்கம் கிழிந்து கிரீஸ் அப்பியிருந்தது. கதவு பிடித்துக்கொண்டதாம். மேலிருந்து ஒருவரும் கீழிருந்து ஒருவரும் சேர்ந்து எடுத்தார்களாம். அடுத்த மாதம் வரை போன் மேசை. அதற்குப் பிறகும் நுழைய முடியாவிட்டால் அதுவே நிரந்தரம். இதைச் சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்.

அம்மா சட்டையைக் கையில் பிடித்தபடி நின்றாள். "முடிச்சை மாத்தினது நான்தாங்க."

"தெரியும்."

"எப்போ?"

"அன்னைக்குக் காலையிலேயே. நாள் முழுக்கக் கயித்தோட மல்லுக்கட்டுறவன் நான். என் முடிச்சு எனக்குத் தெரியாதா? நீ போட்டது ஷூ லேஸ் மாதிரி இருந்துச்சு."

"அப்புறம் ஏன் சாப்பிட்டீங்க?"

ரொம்ப நேரம் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "சாப்பிடணும் போல இருந்துச்சு. நீங்க எல்லாரும் சிரிச்சீங்க."

பிறகு சமையலறைக்குப் போய் நின்றபடி சாப்பிட ஆரம்பித்தார். அம்மா தன் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் பக்கத்தில் நின்று சாப்பிட்டாள். எனக்கு எங்கே நிற்பது என்று தெரியவில்லை.

மே 19

அப்பா இப்போது போனில் பேசும் குரலிலேயே வீட்டிலும் பேசுகிறார். "சரிங்க. சொல்லுங்க. குறிச்சுக்கிறேன்."

மே 25

ஞாயிறு. முடிச்சு பழைய இடத்துக்கு வந்துவிட்டது. போட்டது அப்பா, அளந்தது அம்மா. முனை எட்டவில்லை, ஒரு விரல் குறைகிறது. அளந்து முடித்த பிறகுதான், அவர் மூச்சை இழுக்கிறாரா என்று நான் கவனிக்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

சமையலறையில் இரண்டு நாற்காலிக்குத்தான் இடம் இருக்கிறது. இப்போது மூன்று பேரும் அங்கேதான் சாப்பிடுகிறோம், மாறி மாறி உட்கார்ந்து. இன்று நிற்கும் முறை என்னுடையது.