இடியப்ப மாவில் எடுத்த படம்

வீட்டுக்காரிக்கு ஸலாம்.

உன் இடியப்ப மாவையெல்லாம் குழைத்துப் பொம்மை செய்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு படம் எடுத்தேன் என்றுதானே உன் சீதன வீட்டிலிருந்து என்னைத் துரத்தினாய்? தங்கச்சி வீட்டில் ராஜாவாகத்தான் இருக்கிறேன். மச்சானின் குறட்டைதான் கொடுமை.

இன்று பள்ளிக்கூட மண்டபத்தில் படத்தைக் காட்டினோம். பொம்மையை ஒவ்வொரு அசைவாகப் படம்பிடித்தபோது, என் உருவப் பொம்மையின் தொப்பையில் எறும்புகள் மொய்த்ததை நான் கவனிக்கவில்லை. திரையில் அவை துள்ளித் துள்ளி ஆட, கல்முனை ஊரே எழுந்து கைதட்டியது! கடைசி வரிசையில் முக்காட்டால் வாயைப் பொத்திச் சிரித்தது யாரென்று நான் சொல்லமாட்டேன்.

படம் முடிந்து வெளியே வந்தால், மண்டப வாசலில் நம் மகள் ஓடிவந்தாள். "வாப்பா, ராவைக்கு இடியப்பமா புட்டா எண்டு உம்மா கேக்கிறா!"

பதிலை அவளிடமே கொடுத்தனுப்புகிறேன்: இடியப்பம். புது மாவோடு பின்னாலேயே வருகிறேன்.

இப்படிக்கு,
உன் தொப்பைக்காரன்