சி பிளாக்கின் பெட்டி என் வீட்டுச் சுவரில்

என் கூடப்பிறந்த செல்விக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. சாமி படங்களுக்குப் பக்கத்தில் உன் படத்தை மாட்டிப் பொட்டு வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் பார்த்துவிட்டு, தங்கச்சி மேல் எவ்வளவு பாசம் என்கிறார்கள். உள்ளது என்ன என்று உனக்கும் எனக்கும்தானே தெரியும்? அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

உன் மேல் எனக்கு எப்போதும் பொறாமை. மூத்தவள் நான். ஆனால் அம்மா இருந்தவரை, உலை வைப்பதற்குக்கூட உன்னிடம்தான் யோசனை கேட்டாள். கண்மாய்க்கரைக் குடிசைகளைப் பிரித்து, காரைக்குடிக்கு வெளியே இந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் நம்மைக் கொண்டுவந்து விட்டபோது, சீட்டுக் குலுக்கலில் எனக்குத் தரைத்தளம் விழுந்தது. தனியாளான உனக்கு மூன்றாம் மாடி. தண்ணீர்க் குடத்தோடு நீ மூச்சு வாங்கப் படியேறியதைப் பார்த்து எனக்கு ஒரு நிம்மதி. அதுவும் நிலைக்கவில்லை. சி பிளாக்கில் எந்த வீட்டிலும் போன் சிக்னல் கிடைக்காது என்பது பிறகுதான் தெரிந்தது. உன் அடுப்படி ஜன்னலில் மட்டும் கிடைத்தது.

அன்றிலிருந்து பிளாக்கே உன் வீட்டில். ரேஷன் கார்டில் பேர் சேர்க்க வருகிறவர்கள், மலேசியாவில் இருக்கும் புருஷனோடு பேச வரும் எதிர்வீட்டுக் கருப்பாயி. அதோடு என் மகள் தேன்மொழி.

"எங்கடி போற?"

"சித்தி வீட்டுக்கும்மா. போன்ல பாடம் பாக்கணும்."

கானாடுகாத்தானில் ஓட்டலாக மாற்றிய பழைய செட்டியார் வீட்டில் நாளெல்லாம் அறை துடைத்துவிட்டு, பஸ் பிடித்து நான் வந்து சேரும்போது வீடு காலியாக இருக்கும். உங்கள் இரண்டு பேர் சிரிப்பும் படிக்கட்டு வழியாக இறங்கி வரும். அந்தச் சிரிப்பை அவள் என்னோடு ஒரு நாளும் சிரித்ததில்லை.

நீ அதோடு விட்டாயா? ஒரு ஜன்னலில் இத்தனை பிள்ளைகள் முண்டியடிப்பதா, வீட்டுக்கு வீடு இன்டர்நெட் லைன் வர வேண்டும் என்று கிளம்பினாய். கம்பெனிக்காரர்கள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கமெல்லாம் லைன் கொடுப்பதில்லை என்று போய்விட்டார்கள். நீ வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி, திங்கட்கிழமைதோறும் சிவகங்கைக்குப் போய் கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுத்தாய். கடைசியில் உள்ளூர் கேபிள்காரர் ஒருவர் ஒத்துக்கொண்டார். ஒவ்வொரு பிளாக்கிலும் யாராவது ஒருவர், வீடுகளுக்கு லைன் பிரித்துக் கொடுக்கும் பெட்டியை மாட்டச் சுவரும் அது ஓடக் கரண்டும் தர வேண்டும். அவ்வளவுதான்.

நம் பிளாக்கில் மாடி வீடுகள் எல்லாம் மழைக்கு ஒழுகும். படிக்கட்டை ஒட்டி, காய்ந்த சுவர் என் வீட்டில்தான் இருந்தது.

"அக்கா, ஒன் செவுத்துல மாட்டிக்கிறட்டா?"

"முடியாது."

"கரண்டு ஒண்ணும் பெருசா இழுக்காதுக்கா. தேனுக்கும் நல்லதுதான?"

"எம் மகளுக்கு எது நல்லதுன்னு எனக்குத் தெரியும். பேரு வாங்குறது நீயி, செவுரு மட்டும் என்னுதா?"

நீ "சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனாய். ரெண்டு வார்த்தை திட்டியிருந்தால் என்ன? அதிலும் நீதானே நல்லவள் ஆனாய்?

ஏ பிளாக்குக்கும் பி பிளாக்குக்கும் லைன் வந்தது. நமக்கு வரவில்லை. அடுத்த மாதம் காய்ச்சல் என்று படுத்தவள், பத்தே நாளில் போய்விட்டாய். உன்னை எடுத்த அன்று மூன்று பிளாக்கும் திரண்டு நின்றது. எனக்கு இவ்வளவு கூட்டம் வருமா என்று அங்கேயே நினைத்தேன். சொல்லக் கூசுகிறது. ஆனால் நினைத்தேன்.

கருமாதி முடிந்த மறுவாரம் கேபிள்காரர் வந்தார். பூட்டிக் கிடந்த உன் வீட்டிலேயே பெட்டியை மாட்டலாம், ஒழுகும் இடத்தில் தார்ப்பாய் கட்டிக்கொள்ளலாம் என்று பேச்சு வந்தது. "செல்வி வீட்டுலேருந்து லைன் வந்தாத்தான் பொருத்தம்" என்றாள் கருப்பாயி. செத்த பிறகும் உன் சுவர்தானா?

"அங்குட்டு வேணாம். எங்க வீட்டுல மாட்டுங்க" என்றேன்.

கேபிள்காரர் நம்பவில்லை. "அக்கா, பொறவு மனசு மாற மாட்டீகளே?"

"ஆணிய அடிங்கன்னா அடிங்க."

கருப்பாயி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "தங்கச்சி ஆசைய நெறவேத்திப்புட்டீக மதினி" என்று அழுதாள். நானும் தலையாட்டிக்கொண்டேன். அந்த நல்ல காரியத்தையும் பொறாமையில்தான் செய்தேன் என்று உன்னைத் தவிர யாரிடம் சொல்ல முடியும்?

இப்போது பெட்டியில் பச்சை விளக்கு சிவப்பானால் என் கதவைத்தான் தட்டுகிறார்கள். அணைத்துப் போடவும், கழன்ற வயரைப் பார்த்துச் செருகவும் கற்றுக்கொண்டேன். ஓட்டலில் இத்தனை வருடமாக இதே மாதிரி ஒரு பெட்டியைத் தூசி தட்டியிருக்கிறேன். அது எதற்கு என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கருப்பாயி இப்போது தன் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு புருஷனோடு நன்றாகச் சண்டை போடுகிறாள். உன் அடுப்படியில் எல்லார் முன்னாலும் பாவம், மனம்விட்டு ஒரு வார்த்தை திட்டியிருப்பாளா?

இருந்தும் புண்ணியம் உனக்குத்தான் போகிறது. லைன் சரியானதும், "செல்வி புண்ணியத்துல வந்துருச்சு" என்று சொல்லிக்கொண்டே போகிறார்கள். வயரைச் செருகியவள் இங்கே நிற்கிறேன்.

போன மாதம் தேன்மொழிக்கு நர்சிங் காலேஜில் இடம் கிடைத்தது. வீட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஒரே கத்தாகக் கத்தினாள். அடுப்பை அணைத்துவிட்டு நான் ஓடி வருவதற்குள் வாசலைத் தாண்டி, படிக்கட்டில் ரெண்டு படி ஏறிவிட்டாள். அப்புறம்தான் நினைவு வந்து நின்றாள்.

"சித்திகிட்டக் காட்டணும்மா" என்று அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

எனக்கு அந்த நேரத்திலும் சுருக்கென்றது. பெற்றவள் பின்னாலேதானே நிற்கிறேன்? ஆனாலும் போய் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

"எனக்குக் காட்டுடி."

"ஒனக்குப் புரியாதும்மா."

"புரியாட்டி சொல்லிக் குடு. ஒன் சித்தி மட்டும் பொறக்கயிலேயே தெரிஞ்சுக்கிட்டா வந்தா?"

அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசித்தாள். காலேஜ் பேர், சேர வேண்டிய நாள், கொண்டுபோக வேண்டிய சர்டிபிகேட். நடுவில் அம்மா பேர் என்று ஒரு வரி வந்தது. அதை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன்.

இன்னொரு சேதி. கல்லல் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றிலிருந்து மூன்று பெண்கள் என்னைத் தேடி வந்தார்கள். "நீங்க லைன் எப்புடி வாங்குனீக?" என்று கேட்டார்கள். நீ செய்தபோது நான் எட்டி நின்று பார்த்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். வருகிற திங்கட்கிழமை அவர்களோடு சிவகங்கைக்குப் போகிறேன். ஓட்டலில் லீவு சொல்லியாகிவிட்டது. அவர்கள் வீடுகளுக்கு லைன் வரும்வரை எத்தனை திங்கட்கிழமை ஆனாலும் போவேன். இது உனக்கு நான் செய்யும் சத்தியம். இதெல்லாம் யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று அவர்கள் கேட்டால், உன் பேரைச் சொல்கிறேன். கேட்காவிட்டால் நானாகச் சொல்ல மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
உன்னை நினைத்து இன்னும் வயிறெரியும்
உன் ஒரே அக்கா