ஆற்று முகத்தில் தேநீர்

எஸ்ஸவீரா,
ஜூன், வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் யம்னாவுக்கு,

இறைவனின் அமைதி உன்மீது நிலைக்கட்டும். நானும் அம்மாவும் நலம். காற்றும் நலமாகவே இருக்கிறது. மாடியில் காயப்போட்ட என் நீலச் சட்டையைப் பக்கத்துத் தெருவில் வேறொருவர் அணிந்திருக்கக் கண்டேன். அவருக்குப் பொருத்தமாக இருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை.

தொலைபேசியை நீ எடுப்பதில்லை. கடிதமென்றால் தாதி உன் கையில் வைத்துவிட்டுப் போய்விடுவாள், அதைப் படிப்பதைத் தவிர உனக்கு வேறு வழியிருக்காது என்பது அம்மாவின் கணிப்பு. மார்செய் மருத்துவமனைச் சாப்பாட்டில் உப்பே இல்லையாமே. அம்மா பாதாமும் தேனும் அரைத்து அமலு செய்து அனுப்பியிருக்கிறாள். மருத்துவரிடம் காட்டாதே, அவரே தின்றுவிடுவார்.

கொட்டகையிலுள்ள, பாய்மரம் நட்டுக் கடலில் ஓட்டும் பாய்ப்பலகைகளையெல்லாம் விற்றுவிடச் சொல்லியிருந்தாய். முதலில் உன்னுடையதை விற்க வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். விபத்துக்குப் பிறகு, கால்கள் இனிச் சொன்னபடி கேட்காது என்று மருத்துவர்கள் கூறிய அன்றே அதை எழுதியிருக்கிறாய். தேதி அப்படித்தான் சொல்கிறது.

நான் சொன்ன பேச்சைக் கேட்கிற தகப்பன். மறுநாளே மீன்சந்தை வாசலில் அறிவிப்பு ஒட்டினேன். காற்று கொண்டுபோயிற்று. ஆணி அடித்து மாட்டினேன். ஆணி மட்டும் மிஞ்சியது. எப்படியோ செய்தி பரவிவிட்டது.

வெளிநாட்டுக்காரர்கள் யாரும் வரவில்லை. அவர்கள் இப்போது இடுப்பில் காத்தாடியைக் கட்டிக்கொண்டு கடல்மேல் பறக்கிறார்கள். பாய்ப்பலகை அவர்களுக்குப் பரணில் கிடக்கும் சாமான். வந்தவர்களெல்லாம் நம் ஊர்க்காரர்கள். சுற்றிலும் கடலை வைத்துக்கொண்டு, செம்படவர்களைத் தவிர யாரும் முழங்காலுக்குமேல் நனையாமல் தலைமுறைகளைக் கடத்திய மக்கள்.

முதலில் வந்தவள் நம் தெருவில் வெந்நீர்க் குளியல் கூடம் நடத்தும் லல்லா தமூ. பெண்கள் படுத்து முதுகு தேய்த்துக்கொள்ள நீளமான பலகை ஒன்று அவளுக்கு வேண்டுமாம். உன் பலகையைத் தட்டிப் பார்த்தாள்.

"இது மேல ஏறி நின்னா என்ன ஆகும் வாத்தியாரே?" என்றாள்.

போகும் என்றேன்.

"எங்க போகும்?"

காற்று போகிற இடத்துக்கு என்றேன்.

"இந்த ஊர்ல அதுக்குப் பலகை வேறயா? என் வீட்டு மாடியில நின்னாலே போதுமே!" என்றாள். கிளம்பியவள் நின்று, "ஏறிப் பாக்காம ஒரு கழுதையக்கூட வாங்க மாட்டோம். இத மட்டும் பாத்துட்டு வாங்கணுமாக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

உன் மாணவன் ம்பார்க் கேட்டுக்கொண்டிருந்தான். கொட்டகைச் சாவி இன்னும் அவனிடம்தான் இருக்கிறது. "லல்லா சொல்றதும் நியாயந்தானே வாத்தியாரே. ஏறிப் பாக்கட்டும். பிடிச்சா வாங்கட்டும்" என்றான். சந்தை நியாயத்துக்குத் தலையாட்டினேன். மறுநாள் காலை சரக்கைச் சோதிக்கப் பாதித் தெரு கடற்கரைக்கு வந்துவிட்டது. தபால்காரர், தையற்காரர் மனைவி, பார்வையில்லாத மேளக்காரர் புஜ்மா. எதையும் வாங்கும் உத்தேசம் யாரிடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

இங்கேதான் உன் அம்மா குறுக்கிட்டாள். "வந்தவங்களுக்கு ஒரு வாய் டீ குடுக்காமலா தண்ணியில தள்ளுவீங்க? நம்ம வீட்டப் பத்தி ஊர் என்ன பேசும்?" என்றாள். ஒரு வாய் என்பது மூன்று குவளை என்று உனக்குத் தெரியும். மூன்றாவது குவளை முடிந்து, தபால்காரர் தம் மருமகளைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள், காலையின் இளங்காற்று போய் நடுப்பகலின் பெருங்காற்று வந்துவிடும். தினமும் இதுவே நடந்தது. ஏறிய ஒவ்வொருவரையும் காற்று விரிகுடாவின் தென்கோடிக்கு, தியாபாத் ஆற்று முகத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டது. ஒட்டகக்கார ஹ்மாத் அவர்களையும் பலகைகளையும் ஒட்டகத்தில் ஏற்றித் திருப்பிக் கொண்டுவந்தார். தையற்காரர் மனைவி மட்டும், பலகையைவிட ஒட்டகத்துக்கு ஆட்டம் அதிகம் என்று குறைப்பட்டாள்.

ம்பார்க் மனமுடைந்துபோனான். "நம்ம ஊர்க்காரங்களுக்கு இது வராது" என்றான். தேநீரைச் சந்தேகிக்க அவனுக்குத் தோன்றவில்லை. எனக்கும்தான். இந்த நாட்டில் எதைச் சந்தேகித்தாலும் சந்தேகிக்கலாம், தேநீரை முடியாது.

விற்பனை தாமதமாவதன் காரணத்தை உனக்குத் தெரிவிக்கவே இவ்வளவும் எழுதினேன். உடம்பைப் பார்த்துக்கொள். அம்மாவின் முத்தங்கள்.

உன் தந்தை,
அல்லால்

---

எஸ்ஸவீரா,
ஆகஸ்ட்.

அன்பு மகள் யம்னாவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டி இங்கே தொழுகிறோம். உன் பதில் கிடைத்தது. "இன்னுமா விற்கவில்லை?" என்று ஒரே வரி. கையெழுத்து முன்பைவிட உறுதியாக இருக்கிறது என்று அம்மா அதை நாலு பேரிடம் காட்டினாள்.

விற்கவில்லை. காரணம் சொல்கிறேன்.

லல்லா தமூ மீண்டும் மீண்டும் வந்தாள். பலகையைக் குறை சொல்ல வருவதாகத்தான் சொல்லிக்கொண்டாள். அவளால் நிற்க முடியாது. "ரெண்டு மூட்டும் போன வருஷமே ராஜினாமா குடுத்துடுச்சு" என்பாள். பலகையில் குப்புறப் படுத்து, பாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஈரத்தில் கனத்த ஜிலாபா அங்கியோடு ஆற்று முகத்தில் போய் ஒதுங்குவாள். ஒருநாள் அங்கே மணலில் உட்கார்ந்து, ஒட்டகம் வரக் காத்திருந்தபோது, கரையோரமாகப் பின்னால் நடந்து வந்த எங்களைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏய்யா, காலையில ஊத்துற டீயாலதானே இவ்வளவு அவஸ்தை! காத்து எப்படியும் இங்கதான் கொண்டாந்து தள்ளப் போகுது. அந்தக் கெட்டிலத் தூக்கியாந்து இங்க வையுங்களேன்! டீ வேணுங்கறவன் தன்னால வந்து சேருவான்."

உன் அம்மா அவளோடு ஒரு வாரம் பேசவில்லை. விருந்தாளியை நனைத்த பிறகு தேநீர் தருவதா? பிறகொரு காலை, அம்மா ஹ்மாதின் ஒட்டகத்தின்மேல் கரியடுப்பும் புதினாக்கட்டும் தட்டுமாக உட்கார்ந்திருக்கக் கண்டேன். "டீ குடுக்கறதுதான் மரியாதை. எந்த இடத்துல குடுக்கணும்னு யாரும் எழுதி வைக்கல" என்றாள். மார்க்க அறிஞர்கள் இதைவிடச் சிறிய வாசல் வழியாகவெல்லாம் நுழைந்திருக்கிறார்கள். கரையோரமாக நடந்தே வருகிறவர்களுக்கும் தேநீர் உண்டு. ஆனால் சர்க்கரை குறைவு.

அன்று முதல் எல்லாம் மாறிவிட்டது. காலையின் இளங்காற்றிலேயே கிளம்புகிறார்கள். விழுந்தாலும் எழுந்தாலும் போய்ச் சேருமிடம் ஒன்றுதான், அங்கே புதினா கொதிக்கிறது. புஜ்மாவுக்கு முன்னால் ம்பார்க் சீழ்க்கையடித்துக்கொண்டு போகிறான். அவர் அந்தச் சத்தத்தைக் காதிலும் காற்றைக் கன்னத்திலும் வாங்கிக்கொண்டு பின்னால் போகிறார். "எனக்கு எதுக்குய்யா கண்ணு, எதிர்ல முட்டிக்க என்ன இருக்கு இங்க?" என்கிறார்.

தமூவுக்காக, தூயா மரத்தில் பெட்டி செய்கிற அண்டைத் தச்சர் ஓர் இருக்கை செய்து அகலப் பலகையில் பொருத்தினார். முதுகுச் சாய்மானம் உண்டு. வெறும் மரமாக விட மனம் வராமல், எலுமிச்சை மரத்தில் பிறை ஒன்றும் பதித்துவிட்டார். பாயின் கைப்பிடியைத் தாழ்த்திக் கட்டினோம். தையற்காரர் மனைவி பாயைக் குட்டையாக வெட்டித் தைத்தாள். தமூ அதில் சுல்தானா போல உட்கார்ந்து விரிகுடாவைக் கடந்தாள். ஊரே மதில்மேல் நின்று பார்த்தது. வழக்கமாகக் கேலி பேசும் கூட்டம்தான். அன்றோ கிழவர் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். காற்றில் பறந்துவிடும் என்று கழற்றினாரோ என்னவோ.

பிறகு நான் ஒன்று செய்தேன். வியாபாரி தன் சரக்கை அறிந்திருக்க வேண்டும் அல்லவா? அந்த இருக்கையில் உட்கார்ந்து, என் கழுத்துத் துணியால் என் இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டச் சொன்னேன்.

ம்பார்க் பதறிவிட்டான். "உங்களுக்குப் பைத்தியமா வாத்தியாரே? யம்னா அக்காவுக்குத் தெரிஞ்சா என்னை வந்து கொன்னுடும்!"

வந்து கொல்லட்டும் என்றேன். அவன், இழுத்தால் அவிழும் உருவுமுடிச்சாகக் கட்டிவிட்டு, தன் பலகையில் கூடவே வந்தான்.

யம்னா, வரலாறு கற்பித்தே காலம் கழித்தவன் நான். வியப்பு என்ற சொல்லைப் பிள்ளைகளின் விடைத்தாளில் கண்டால் சிவப்புக் கோடு போடுவேன். ஆனாலும் சொல்கிறேன். இந்தக் காற்று பிறந்த நாள் முதல் என் காதில் கத்திக்கொண்டிருந்தது. ஜன்னலை மூடினேன், பஞ்சு அடைத்தேன், சபித்தேன். பாய் நிமிர்ந்து, பலகை நகர்ந்து, அதனோடு ஒரே திசையில் போகத் தொடங்கியதும் அது பேச்சை நிறுத்திவிட்டது. அப்படி ஓர் அமைதியை நான் எந்தப் பள்ளிவாசலிலும் கேட்டதில்லை. பின்னால் வெள்ளை மதில்கள் சிறுத்துக்கொண்டே போயின. தீவின் மேல் வல்லூறுகள் அசையாமல் நின்றன. முன்னால் நம் தெருவே பாய் விரித்துப் போய்க்கொண்டிருந்தது. எனக்குக் கால்கள் இருக்கின்றனவா என்பதை நான் மறந்துபோனேன். கால்களைப் பற்றி அங்கே யாரும் விசாரிக்கவில்லை, கடல் உட்பட.

சிறுமியாக நீ கடலிலிருந்து வந்ததும் நெடுநேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பாய். களைப்பு என்று நினைத்து உனக்குச் சூப் கொடுத்தோம்.

ஆற்று முகத்தை எட்டுமுன் கவிழ்ந்தேன். ம்பார்க் முடிச்சை உருவினான். உப்புநீர் நிறையக் குடித்தேன். ஆக, சரக்கில் பழுதில்லை. பழுது ஓட்டியவனிடம்தான்.

விற்பனை நிலவரம் இதுதான்: தினமும் இலவசமாக ஏறும் கழுதையை யாரும் விலைக்குக் கேட்பதில்லை. உன் சிவப்புப் பாய்ப் பலகையைத் தபால்காரர் மட்டும் கேட்டார். தமூ அவரை விரட்டிவிட்டாள். "உடையவ இல்லாம கை குடுத்து முடிச்சா அது வியாபாரமாய்யா? திருட்டு!" என்றாள். சந்தை வழக்கம் அவள் பக்கம்தான் இருக்கிறது. நான் கட்டுப்பட்டவன். உன் பலகையை விற்பதென்றால் நீயே நேரில் வந்துதான் விற்க வேண்டும்.

அந்த இருக்கை எந்தப் பலகையிலும் பொருந்தும்படிதான் தச்சர் செய்திருக்கிறார். இதைச் சும்மா தகவலுக்காக எழுதுகிறேன்.

உன் அம்மா ஆற்று முகத்தில் தினமும் ஒரு குவளை கூடுதலாக ஊற்றி வைக்கிறாள். யாருக்கு என்று கேட்டால், எண்ணிக்கை தவறிவிட்டது என்கிறாள். கணக்கில் அவள் ஒருநாளும் தவறியவளல்ல என்பது உனக்கும் தெரியும்.

இறைவன் உன் வழியை இலகுவாக்கட்டும். காற்று செப்டம்பர் கடைசிவரை இருக்கும்.

உன் தந்தை,
அல்லால்