லைசன் இல்லாத கதைகள்

வெள்ளி, இரவு.

எஹலியகொட டவுனில் இணையதளம் அமைத்துக் கொடுக்கும் கடைக்கார முஸ்லிம் நானா, அதற்கான மென்பொருளைச் சோதனைக்கு எனக்குத் திறந்துவிட்டிருந்தார். என் கதைகளை அதில் ஏற்றினேன். நாளையோடு சோதனைக் காலம் முடிந்து பக்கம் மறைந்துவிடும். கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்யும் அக்காவுக்கு ஞாயிறுதான் போன் கிடைக்கும். அதுவரை பக்கத்தை விட்டுவைக்க முடியுமா என்று நானாவிடம் கேட்டேன்.

"ஒவ்வொரு சைட்டுக்கும் சொப்ட்வெயார் கம்பனிக்கு லைசன் காசு கட்டோணும் மகள். சைட் செய்யச் சொல்ற கடைக்காரங்க தாற காசுல கட்டுறேன். ஒங்கட கதைக்கு யாரு கட்டுற?" என்றார் நானா.

அம்மாவிடம் சொன்னேன். "லைசனா? நீ என்னா, த்ரீவீலா ஓட்டப் போற?" என்று சிரித்தார். பிறகு, "அக்கா பாக்குற வரைக்கும் லைசன் இல்லாம ஓட்டு புள்ள, பொலிசா புடிக்கப் போகுது?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏற்றிய எல்லாக் கதைகளிலும் ஓர் அக்கா வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். எங்கள் அக்கா அவற்றைப் படிக்க வேண்டும்.