ஐந்தாம் கட்டத்தில் இல்லாத பாலம்

16 ஜூலை 1996, செவ்வாய்

உக்கடம் கடையில் இந்த மாத வீடியோ கேம் இதழ் வாங்கிப் பிரித்தேன். ஒரு விளையாட்டின் ஐந்தாம் கட்டத்தில் பாலம் உடைவது பிரமாதம் என்று விமர்சனத்தில் எழுதியிருந்தது. அந்த விளையாட்டை நான் மூன்று முறை முடித்திருக்கிறேன். அங்கே பாலமே கிடையாது. எழுதியவர் விளையாட்டுப் பெட்டி மேலிருக்கும் படத்தைப் பார்த்து எழுதினாரா? முன்பெல்லாம் விளையாடிப் பார்த்து, தாங்கள் எங்கே தோற்றோம் என்றுகூட எழுதுவார்கள். அதற்காகத்தான் ஆறு வருடமாக வாங்குகிறேன்.

கடைக்காரரிடம் சொல்லிவிட்டேன். "புஸ்தகம் முந்தி மாதிரி இல்லீங்க. பொய் எழுதறாங்க."

"பையன் சொன்னானுங்களா, அம்மணி?"

ஆறு வருடமும் மகனுக்கு என்றே சொல்லி வாங்கியிருக்கிறேன். எனக்கு மகனே இல்லை.

"பையனெல்லாம் இல்லீங்க. நாந்தான் விளையாடறேன்."

"அடக் கடவுளே! போன மாசந்தானுங்க பத்தாவது பாஸுன்னு சொன்னீங்க!"

இருவரும் சிரித்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்து இதழாசிரியருக்குக் கடிதம் எழுதினேன். பொய் என்று எழுதக் கை வரவில்லை. எந்தப் பாலம் என்று மட்டும் கேட்டிருக்கிறேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். கீழே 'ஒரு வாசகர்' என்று போட்டேன். பிறகு அதை அடித்துவிட்டு என் பெயரை முழுதாக எழுதினேன்.