செவ்வாய்க்கிழமைத் தலை

ஜூன் 10, 2025. செவ்வாய்

காலையில் ராமக்காளுக்கு மெமோ கொடுத்தேன். பேக்கிங் ஹாலில் இரண்டாவது லைன், பாக்கெட் ஒட்டும் மெஷினில் இருப்பவள். பங்குனியில் குலசாமிக்கு மொட்டை போட்டுவிட்டு வந்தாள். இப்போது முளைத்திருக்கிற முடி முள்ளு முள்ளாக வலைத் தொப்பியைக் குத்திக்கொண்டு காதோரம் வெளியே நிற்கிறது. இரண்டு தடவை வாயால் சொன்னேன். மூன்றாவது தடவை எழுதித்தான் கொடுக்க வேண்டும். விதி அப்படி, அந்த விதியை எழுதியதும் நான்தான். தின்கிற பொருள் செய்யும் இடத்தில் முடி விளையாட்டில்லை. "வளந்துருச்சுன்னா அடங்கிரும் மேடம்" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்.

மதியம் மூன்று மணிக்கு, வாராவாரம் நடக்கும் சிங்கப்பூர் வீடியோ கால். காராச்சேவு ஏன் ஐந்தாம் மாதம் காறல் வாடை அடிக்கிறது என்று பதினைந்து நிமிடம் விளக்கினேன். கேட்டு முடித்துவிட்டு, சரக்கு வாங்குகிற அந்த மனிதர் சிவக்குமாரைப் பார்த்து, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்றார். சிவக்குமார் முதலாளியின் மகன், இருபத்தெட்டு வயது. நான் சொன்னதையே மூன்று வரியில் சொன்னான். அருமை என்றார்கள்.

கால் முடிந்ததும் என் பக்கம் நாற்காலியைத் திருப்பினான். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். ஸ்கிரீன்ல கொஞ்சம் டல்லா தெரியிறீங்க. எக்ஸ்போர்ட் ஹெட் போஸ்ட் வரப்போகுது, அப்பா உங்க பேரத்தான் சொல்றாரு. ஆனா பாக்க எப்பிடி இருக்கோம்னு ஒண்ணு இருக்குல்ல. முடி கிடியெல்லாம் கொஞ்சம்..." என்று தன் தலையைச் சுற்றிக் கையால் ஒரு வட்டம் போட்டான்.

பதினான்கு வருஷம் இந்தக் கப்பலூர் ஃபேக்டரியில், இப்போது குவாலிட்டி மேனேஜர். தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜூன் 12. வியாழன்

இரண்டு நாளாகக் கண்ணாடியைப் பார்த்தால் கோபம் வருகிறது. சுருட்டை முடி, தேங்காயெண்ணெய், ஒற்றைப் பின்னல். முப்பத்தொன்பது வயதில் என்ன இருக்குமோ அது. காறல் வாடையைக் கண்டுபிடித்தது மூக்கா, முடியா?

பழங்காநத்தத்தில் ஒரு பார்லரில் விசாரித்தேன். மீனா என்ற பெண் நடத்துகிறாள். வாரம் ஒரு ப்ளோ டிரை, சூட்டுக்காற்றில் சுருளை நேராக்குவது, ஒரு தடவைக்கு அறுநூறு ரூபாய். "மூணு நாள் நிக்கும் மேடம், நம்ம ஊரு வேர்வைக்கு ரெண்டு நாள்னு வச்சுக்கங்க." நேர்மையான பெண்.

ஜெர்சனிடம் சொன்னேன். ஸ்கூலில் பி.டி. மாஸ்டர், பிள்ளைகளை விசிலில் விரட்டுகிற மனிதர், அவருக்கு இதெல்லாம் சிரிப்பு. "நம்ம கல்யாணத்துக்கே நீ தலைய காத்துல காயவச்சுட்டுத்தான வந்த" என்றார்.

ஜூன் 17. செவ்வாய்

காலை ஏழு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் சூட்டுக்காற்று, இழுவை, மறுபடி காற்று. முடிந்து பார்த்தால் கண்ணாடியில் வேறு ஒருத்தி. நன்றாகத்தான் இருந்தாள், பொய் சொல்லக் கூடாது.

ஸ்கூட்டி வரை நடந்துபோன பிறகுதான் ஹெல்மெட் ஞாபகம் வந்தது. கையில் வைத்துக்கொண்டு சாலையில் நின்றேன். பழங்காநத்தத்திலிருந்து கப்பலூர் வரை ஹெல்மெட் மாட்டினால் அறுநூறு ரூபாயும் அங்கேயே அமுங்கிவிடும். வண்டியைப் பார்லர் வாசலிலேயே விட்டுவிட்டு ஆட்டோவில் போனேன். இதை யாரும் கணக்கில் சொல்வதில்லை.

ஜூன் 24. செவ்வாய்

இன்று சிங்கப்பூர்க்காரர் என்னைப் பார்த்துப் பேசினார். இரண்டு தடவை என் பேரைச் சொன்னார். குறித்துக்கொண்டார். இரண்டு வாரம் முன்பு சொன்னதைத்தான் இன்றும் சொன்னேன், வார்த்தை மாற்றவில்லை. அதே வாய், அதே எண்ணெய்ப் பிரச்சினை.

சந்தோஷப்பட வேண்டும். படவில்லை. பதினான்கு வருஷமாக என்னத்தைப் பேசிக்கிட்டு இருந்தேன் நான்?

ஜூலை 6. ஞாயிறு

சர்ச்சில் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது நாலு பேர் நின்று பார்த்தார்கள். பாக்கியம் டீச்சர் என் முடியைத் தொட்டே பார்த்தார்கள். "ஐரின், வேலைல ஒசத்திட்டாங்களா?" இன்னும் இல்லை என்றேன். "அப்ப ஒசத்திருவாங்க" என்றார்கள். எனக்குத் தெரிந்து சம்பள உயர்வைத் தலைமுடியில் கண்டுபிடித்த முதல் ஆள்.

நுனியில் கொஞ்சம் பிரவுன் போட்டிருக்கிறாள் மீனா. வேண்டாம் என்றுதான் சொன்னேன். அப்புறம் சரி என்றேன்.

ஜூலை 15. செவ்வாய்

வலைத் தொப்பியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டால் முன்பக்கம் அமுங்குவதில்லை. ஹாலுக்குள் இருப்பது பத்து நிமிடம்தானே.

ஜூலை 29. செவ்வாய்

கால் நன்றாகப் போயிற்று. எக்ஸ்போர்ட் ஹெட் பேச்சு மறுபடி வந்தது. செப்டம்பர் என்கிறான் சிவக்குமார். இப்போதெல்லாம் அவன் நான் பேசும்போது குறுக்கே வருவதில்லை.

ஆகஸ்ட் 20. புதன்

சிங்கப்பூரிலிருந்து மெயில். ஒரு வீட்டில் காராச்சேவு பாக்கெட்டைப் பிரித்தபோது உள்ளே முடி. போட்டோ அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு நாளைக்குள் காரண அறிக்கை வேண்டும். யார், எப்படி, என்ன நடவடிக்கை.

பாக்கெட் எண்ணை வைத்து ரெஜிஸ்டரைத் தேடினேன். ஜூலை 22, செவ்வாய், இரண்டாவது லைன், காலை பதினொன்று நாற்பது. அந்தப் பக்கத்தில் பதினொன்றரை மணிச் சோதனைக்குக் கையெழுத்து இருக்கிறது. என் கையெழுத்து.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு சாண் நீளம். நூல் பிடித்த மாதிரி நேர். எண்ணெய்ப் பசை இல்லை. நுனியில் ஒரு விரற்கடை பிரவுன்.

ஹாலில் இருபத்தாறு பெண்கள். அத்தனை பேரும் எண்ணெய் வைத்து, இறுக்கிப் பின்னி, கொண்டை போட்டு வருகிறவர்கள். அப்படித்தான் வர வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவள் நான்.

சாப்பிடவில்லை. ஜெர்சன் கேட்டார், வயிறு சரியில்லை என்றேன்.

ஆகஸ்ட் 21. வியாழன்

நான் வாயைத் திறப்பதற்குள் சிவக்குமார் முடிவு பண்ணி வைத்திருந்தான். "ஒட்டுற மெஷின்ல அன்னைக்கி ராமக்காள்தான் மேடம். ஏற்கெனவே மெமோ இருக்கு, முடி விசயத்துலயே. அவங்க பேரப் போட்டு, வேலைய விட்டு எடுத்தாச்சுன்னு எழுதிருங்க. முடிஞ்சது."

"அவங்க முடி இம்புட்டு நீளம் இல்ல" என்றேன்.

"நீளத்த யாரு மேடம் அளக்கப்போறா?"

அப்போது சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில், அந்த நிமிடம். ரெஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு என் ரூமுக்கு வந்துவிட்டேன்.

மதியம் ராமக்காள் என் ரூமுக்கு வந்தாள். விஷயம் காதுக்குப் போய்விட்டது. தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்து காட்டினாள். மூன்று விரற்கடை வளர்ந்திருக்கிறது, நடுவில் நரை. "பாருங்க மேடம். எங்க இருக்கு அம்புட்டு முடி என்கிட்ட?"

நான் ரெஜிஸ்டரைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "அன்னைக்கி நீங்க தொப்பிய பின்னாடி தள்ளிப் போட்டிருந்தீக. நான் பாத்தேன். சொல்லுவோமான்னு நெனச்சேன். பெரிய வேலையில இருக்கவுகளுக்குப் போய் நாம எப்பிடிச் சொல்றதுன்னு விட்டுட்டேன். சொல்லியிருக்கணும். அது என் தப்புத்தேன்."

ஹால் வாசலில் நான் எழுதி மாட்டிய போர்டு இருக்கிறது. முடி வெளியே தெரிந்தால், யாராக இருந்தாலும், உடனே சொல்லவும். யாராக இருந்தாலும் என்பதற்குக் கீழே சிவப்பில் கோடு போட்டிருக்கிறேன்.

இவ என்னைய திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். ஏன் திட்டல?

ஆகஸ்ட் 22. வெள்ளி

அறிக்கையில் ராமக்காள் பேர். கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 25. திங்கள்

மூன்று ராத்திரி தூங்காமல் இருந்துவிட்டுக் காலையில் நேராக சிவக்குமாரிடம் போய், அது என் முடி என்றேன். உட்காராமலே சொன்னேன். உட்கார்ந்தால் மாற்றிச் சொல்லிவிடுவேன் என்று பயம்.

"தெரியும் மேடம்" என்றான். "போட்டோவப் பாத்த அன்னைக்கே தெரியும். அந்தக் கலர்ல நம்ம கம்பெனில வேற யாரு இருக்கா?"

"அப்புறம் ஏன்?"

"குவாலிட்டி மேனேஜர் முடின்னு எழுதுனா சிங்கப்பூர்க்காரன் ஆர்டரையே நிறுத்திருவான். பேக்கிங் ஆளு முடின்னா ஒரு ஆளு போகும், அம்புட்டுத்தான். ரிப்போர்ட்டுக்கு தேங்க்ஸ்னு பதிலும் போட்டுட்டான். இத இதோட விட்ருங்க." லேப்டாப்பைத் திருப்பிக்கொண்டான். பிறகு, போகிற போக்கில், "நாளைக்கி கால் இருக்கு, ரெடியா வந்துருங்க" என்றான்.

ரெடியாக என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.

செப்டம்பர் 1. திங்கள்

எக்ஸ்போர்ட் ஹெட். லெட்டர் கொடுத்தார்கள், கேசரி கொடுத்தார்கள். பெரிய முதலாளி, "பதினாலு வருச உழைப்பு" என்று பேசினார். கைதட்டினார்கள். ஒட்டும் மெஷினில் புதுப் பெண் ஒருத்தி நிற்கிறாள், பேர் இன்னும் தெரியாது.

வாரம் ஒரு ப்ளோ டிரை போடுவது வேலைக்குப் போகிறவளுக்குக் கட்டுபடியாகுமா என்று ஜூனில் யோசித்தேன். கட்டுபடியாயிற்று. அறுநூறு என்பது ராமக்காளின் ஒன்றரை நாள் கூலி.

செப்டம்பர் 7. ஞாயிறு

சர்ச்சில் திருவிருந்து அப்பம் வாங்க எழுந்து போகவில்லை. தலைவலி என்றேன். ஜெர்சன் தனியாகப் போய்விட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவரிடமும் சொல்லவில்லை. சொன்னால், உடனே சிங்கப்பூருக்கு மெயில் அனுப்பு என்பார். அதனால்தான் சொல்லவில்லை.

செப்டம்பர் 9. செவ்வாய்

பார்லரில் கூட்டித் துடைக்க ஆள் நின்றுவிட்டாளாம். யாராவது இருந்தா சொல்லுங்க மேடம் என்றாள் மீனா. என் வாய் ராமக்காள் பேரைச் சொன்னது. பதினெட்டு நாளாக வேலை இல்லாமல் திருப்பரங்குன்றத்தில் மகள் வீட்டில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். நம்பரைக் கொடுத்தேன். ஆட்டோவில் போகும்போது நெஞ்சு கொஞ்சம் லேசானது. ஏதோ செய்துவிட்டோம் என்று இருந்தது.

இப்போது எழுதும்போது படிக்கவே கூசுகிறது. முடி விழுந்ததென்று வேலையை விட்டுத் துரத்தியவளை, விழுகிற முடியைக் கூட்ட அனுப்பியிருக்கிறேன்.

செப்டம்பர் 16. செவ்வாய்

ராமக்காள் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். என்னைப் பார்த்ததும், "வாங்க மேடம்" என்றாள். சம்பளம் ஃபேக்டரியில் வாங்கியதைவிடக் குறைவு. கேட்டேன், "பரவால்ல, நெழல்ல வேல" என்றாள். கண்ணாடியில் அவள் எங்கே போனாலும் தெரிகிறாள். நான் ஃபோனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

செப்டம்பர் 23. செவ்வாய்

வேறு பார்லர் தேடலாமா?

செப்டம்பர் 30. செவ்வாய்

காலவாசல் பக்கம் ஒன்று பார்த்தேன். உள்ளே போகவில்லை. பழங்காநத்தத்துக்கே போனேன்.

அக்டோபர் 7. செவ்வாய்

மீனா முடித்துவிட்டுக் கழுத்துத் துணியை அவிழ்த்தாள். ஃபோன் வந்தது என்று வெளியே போனாள். ராமக்காள் விளக்குமாற்றோடு வந்து நாற்காலியைச் சுற்றிக் கூட்டினாள். எழுந்திருக்கப் போனேன். "இருங்க மேடம்" என்று என் தோளிலிருந்து ஒரு முடியை எடுத்தாள். ட்யூப் லைட் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஒரு சாண் நீளம், நுனியில் பிரவுன். அவள் அந்தப் போட்டோவைப் பார்த்தவள் இல்லை. ஆனாலும் பார்த்தாள். பிறகு முறத்தில் போட்டாள்.

"மேடம், தப்பா எடுத்துக்கிறாதீக. அன்னைக்கி சொல்லாம விட்டேன், இன்னைக்கி சொல்லிர்றேன். தொப்பிய நல்லா இழுத்து மாட்டிக்கங்க. அந்தப் புதுப்பிள்ள பாவம்."

சரி ராமக்காள் என்றேன். அவள் குனிந்து அடுத்த நாற்காலிக்குக் கீழே கூட்டப் போய்விட்டாள்.

ஹாலுக்குள் போகும்போது தொப்பியை நெற்றி வரைக்கும் இழுத்து மாட்டினேன். காது இரண்டையும் உள்ளே தள்ளினேன். பத்து நிமிடம் இல்லை, ஒரு மணி நேரம் நின்றேன். புதுப் பெண்ணின் பேர் பாண்டீஸ்வரி. வெளியே வந்து பார்த்தால் முடி மண்டையோடு ஒட்டி, வேர்வையில் சுருளத் தொடங்கியிருந்தது. சீப்பு எடுக்கவில்லை. அப்படியே மூன்று மணிக் காலில் உட்கார்ந்தேன்.

சிங்கப்பூர்க்காரர் என் பேரைச் சொல்லி வணக்கம் சொன்னார். தீபாவளிச் சரக்கு எப்போது கப்பலேறும் என்று கேட்டார். நான் சொன்ன தேதியைக் குறித்துக்கொண்டார். நாற்பது நிமிடம். என் தலை எப்படி இருக்கிறது என்று அவரும் பார்க்கவில்லை, சிவக்குமாரும் பார்க்கவில்லை. ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்ல வேண்டியதை நானும் இன்னும் சொல்லவில்லை. அது என் முடி என்று சிங்கப்பூருக்கு மெயில் எழுதி வைத்திருக்கிறேன், மூன்று வரிதான், ஆகஸ்டிலிருந்து கிடக்கிறது. அடுத்த செவ்வாய்க்கும் மீனா ஏழு மணி போட்டு வைத்திருக்கிறாள்.