பீர்க்கு நாரும் பச்சை பாட்டிலும்

மார்ச் 3, செவ்வாய்

இன்று முதல் பாத்திரம் கழுவுவது நான். பதவியேற்பு மாதிரி இதை எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு டம்ளர்கூடக் கழுவியதில்லை.

என் மனைவியின் விரல் நுனியெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. நேற்று, இவளுக்குத் தையல் வேலை கொடுக்கிற துணிக்கடை அம்மா ஒரு வெள்ளைச் சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். காலர் ஓரத்தில் கடுகளவு ரத்தக் கறை. கைத்தையலில் இவளை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று ஊரெல்லாம் சொல்கிற அதே அம்மாதான். "கை ஆறட்டும். ஜூன் வரைக்கும் வெள்ளைத் துணியை வேற ஆள்கிட்ட குடுக்கிறேன். அதுக்கு மேல என்னால காத்திருக்க முடியாதும்மா" என்றார். அவர் போனதும் இவள் ஊசிப்பெட்டியை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள்.

பாத்திரம் கழுவும் திரவம்தான் காரணம் என்கிறார் தோல் டாக்டர். மூன்று மாதம் அதைத் தொடவே கூடாதாம். ரப்பர் கையுறை முன்பே போட்டுப் பார்த்தாயிற்று. உள்ளே வேர்த்து அரிப்பு கூடியதுதான் மிச்சம்.

மார்ச் 4, புதன்

மகளுக்கு வீட்டில் பெயர் வக்கீல். எதை எடுத்தாலும் வாதாடுவாள். இன்றைய வழக்கு, தொட்டியோரம் கிடந்த பச்சை ஸ்பாஞ்ச்.

"அப்பா, நீங்க இப்பத்தான் ஆரம்பிக்கிறீங்க. கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. ஆரம்பத்துலேயே ஒழுங்கா செஞ்சிடலாம். வாங்கும்போது இது எவ்வளவு தடிமனா இருந்துச்சு? மிச்சமெல்லாம் எங்க போச்சு?"

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். தேய்ந்தது காணாமல் போகாது, எங்கேயோ போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியாதா? கடையில் தேய்த்த தூளைத் தட்டில் பிடித்து வைக்கிறோம். வீட்டில் இத்தனை வருஷம் பிளாஸ்டிக் தூள் தண்ணீரோடு போய்க்கொண்டிருந்திருக்கிறது, ஒருநாள்கூட யோசித்ததில்லை.

மார்ச் 8, ஞாயிறு

தேங்காய் நார், காய்ந்த பீர்க்கு நார், மரக்கைப்பிடி பிரஷ், சோப்புக்குப் பதிலாக ஒரு பை பூந்திக்கொட்டை, எல்லாம் வாங்கி வந்தோம். துடைக்கும் துணிக்காக என் பழைய பனியன் இரண்டு துண்டு துண்டாகிவிட்டது.

தேங்காய் நாரை முதலில் நான்-ஸ்டிக் சட்டியின் ஓரத்தில் தேய்த்து, கடையிலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கோடு கோடாகக் கீறல். ஆகவே தேங்காய் நார் இரும்புக்கும் எஃகுக்கும் மட்டும், பீர்க்கு நார் கண்ணாடிக்கும் பீங்கானுக்கும். அதுவும் மெதுவாக. இருபத்தாறு வருஷமாக இந்தக் கையிலிருந்து ஒரு லென்ஸ் கீறலோடு போனதில்லை.

பாத்திரம் கழுவும் அந்தப் பச்சைத் திரவம் பாதி பாட்டில் மிச்சம் இருந்தது. அதைச் சாக்கடையில் கொட்டக் கூடாது என்று வக்கீல் தடை உத்தரவு. "கீழ்வீட்டுல குடுத்துடுறேன்" என்று இவள் எடுத்துக்கொண்டு போனாள்.

மார்ச் 15, ஞாயிறு

பூந்திக்கொட்டையைக் கொதிக்கவைத்து வடிகட்டினேன். "நுரையே இல்லையே" என்றாள் இவள். நுரை வேறு, சுத்தம் வேறு என்று கால் மணி நேரம் விளக்கினேன். கேட்டுக்கொண்டாள்.

மார்ச் 27, வெள்ளி

இவள் கை ஆறவில்லை. கட்டை விரலில் புதிதாக ஒரு வெடிப்பு. தட்டில் தங்குகிற பூந்திக்கொட்டைச் சாறு இவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ? நிறுத்திவிட்டேன். இனி வாசனை சேர்க்காத சோப்புக்கட்டி.

ஏப்ரல் 9, வியாழன்

டாக்டர் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வீட்டுல யார் பாத்திரம் கழுவுறது?"

"நான்தான்" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். இவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதத்தில் ஒரு மாதத்துக்கு மேல் போய்விட்டது. ஒன்றும் நடக்கவில்லை. வீட்டுக்கு வந்து பீர்க்கு நாரை முகர்ந்தால் ஊசல் வாடை. தொட்டிக்குக் கீழே ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடி வைத்திருக்கிறேன், புத்திசாலி. பூசணம் பிடித்ததால்தான் ஆறவில்லையோ? அதைச் செடித்தொட்டி மண்ணில் புதைத்துவிட்டுப் புதிய நாரை ஜன்னல் கம்பியில் வெயில் படத் தொங்கவிட்டேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

கடையில் கரண்ட் போய்விட்டது. மதியம் பன்னிரண்டுக்கே வீட்டுக்கு வந்தேன். சாவி போட்டுத் திறந்ததால் இவளுக்குக் கேட்கவில்லை.

தொட்டிமுன் நிற்கிறாள். முழங்கை வரை நுரை. நான் காலையில் கழுவிக் கவிழ்த்த தட்டுகளை மறுபடி கழுவிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் பச்சை பாட்டில். மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாளாம்.

கையும் களவுமாகப் பிடித்தேன். ஆனால் திருதிருவென்று முழித்தது நான்தான்.

"எத்தனை நாளா?"

"தினமும்தான்."

கத்திவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் அப்படிக் கத்தியதில்லை. பைத்தியமா உனக்கு? கை போச்சுன்னா பொழப்பு போச்சு, தெரியாதா? ஒரு மாசமா நான் பூந்திக்கொட்டையைத் திட்டிக்கிட்டு இருக்கேன், நாரைத் திட்டிக்கிட்டு இருக்கேன். சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?

அவள் ஒரு தட்டை நீட்டினாள். "தடவிப் பாருங்க."

தடவினேன். பிசுக்கு.

"இதைச் சொல்ல வேண்டியதுதானே?"

"எப்படிங்க சொல்றது? வக்கீல் கைக்குழந்தையா இருந்தப்ப ஒருநாள் டீ போட்டுக் குடுத்தீங்க. தண்ணியா இருக்குன்னு சொன்னேன். அதுக்கப்புறம் நீங்க டீயே போடலை. பதினாறு வருஷம் ஆச்சு."

எனக்கு அந்த டீ ஞாபகமே இல்லை.

ஏப்ரல் 11, சனி

ஞாபகம் இல்லை என்று எழுதியது பொய். ஞாபகம் இருக்கிறது. அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. இனிமேல் அடுக்களைப் பக்கம் போவதில்லை என்று மனசுக்குள் சபதம் போட்டேன். பெரிய ரோஷக்காரன். அந்த ரோஷத்துக்கு அவள் பதினாறு வருஷம் பயந்திருக்கிறாள். என் முகம் வாடக் கூடாது என்று தன் விரலைக் கிழித்துக்கொண்டிருக்கிறாள். நினைக்க நினைக்க வெட்கமாக இருக்கிறது.

கடையில் இதே நடந்தால் என்ன செய்வேன்? லென்ஸ் சரியில்லை என்று யாராவது திருப்பித் தந்தால் வாங்கி மறுபடி தேய்ப்பேன். கோபமே வராது. வீட்டில் மட்டும் ஏன் வருகிறது?

ஏப்ரல் 12, ஞாயிறு

நார் மேல் குற்றமில்லை. கீறல் விழுமோ என்ற பயத்தில் எல்லாப் பாத்திரத்தையும் லென்ஸ் மாதிரி வருடிக்கொண்டிருந்திருக்கிறேன். வாணலிக்கு அது போதுமா?

புது முறை: முதலில் பனியன் துணியால் எண்ணெயை வழித்துவிடுவது. பிறகு வெந்நீர். பிறகு தேங்காய் நாரில் சோப்புக்கட்டியைத் தேய்த்து, அழுத்தி. கை வலிக்கிறது.

பச்சை பாட்டிலை நானே கீழ்வீட்டில் கொடுத்தேன். போகும் முன் அவளிடம் ஒன்று சொன்னேன். "பிசுக்கு இருந்தா நீ கழுவாத. என்கிட்ட திருப்பிக் குடு. நான் மூஞ்சியைத் தூக்கினா தூக்கிட்டுப் போறேன்."

"சரி" என்றாள். மார்ச் எட்டாம் தேதி பாட்டிலை எடுத்துக்கொண்டு போனபோதும் இதே குரலில்தான் பேசினாள். எனக்கு நம்பிக்கையில்லை.

ஏப்ரல் 20, திங்கள்

எட்டு நாளாக ஒரு பாத்திரமும் திரும்பி வரவில்லை. சுத்தமாக இருக்கிறதா, அல்லது பொறுத்துக்கொள்கிறாளா?

ஏப்ரல் 23, வியாழன்

பால் காய்ச்சும் பாத்திரம் திரும்பி வந்தது. வாசற்படியில் நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அதைக் கையில் கொடுத்தாள். "அடியில அப்படியே இருக்குங்க." காது சூடானது. வாங்கிக் கழுவினேன். அவள் கதவோரம் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மே 10, ஞாயிறு

கட்டை விரல் வெடிப்பு மூடிவிட்டது.

மே 31, ஞாயிறு

ஊசிப்பெட்டி மேல்தட்டிலிருந்து இறங்கியது. பழைய தலையணை உறை ஒன்றை மடித்துத் தைத்துப் பார்த்தாள். "வெள்ளைதான் எடுத்தேன்" என்றாள், நான் கேட்காமலே.

ஜூன் 6, சனி

துணிக்கடை அம்மா நேற்று நான்கு வெள்ளைச் சட்டை கொடுத்துவிட்டுப் போனார். அதில் முதலாவது சட்டை இன்று முடிந்தது. காலரைப் பூதக்கண்ணாடியில் ஓரம் ஓரமாகப் பார்த்தேன். தையலைத் தவிர ஒன்றுமில்லை. "என்னங்க, அதையும் தேய்க்கப் போறீங்களா?" என்று கேட்டாள். வக்கீல் சிரித்தாள்.

சாயங்காலம் வாணலி இரண்டு தடவை திரும்பி வந்தது. இரண்டாவது தடவை அவள் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக்கூட இல்லை, ஊசியை வாயில் கவ்வியபடி விரலால் காட்டினாள்.

கழுவி முடித்து டீ போட்டேன். தண்ணியாக இருக்கிறதாம். நாளைக்குத் தூள் கொஞ்சம் கூடப் போட வேண்டும்.